குளம் காப்பவர் குளிப்பதில்லை

மனித இனத்தில் 'காப்போர்' என்றோர் உட்பிரிவு உண்டு. அறிஞர்கள் இன்னும் இவர்களை ஆராயவில்லை என்பதால் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. காப்போர் எந்நேரமும் எதையாவது காப்பாற்றிக்கொண்டே இருப்பார்கள். காப்பாற்றும் பொருளின் பக்கம் மட்டும் தப்பித்தவறியும் போக மாட்டார்கள்.

வில்காரி என்னும் சிற்றூரில் வசிக்கும் ராய்ஸ் பெட்டிகுரூவைப் பாருங்கள். ஊர் நீச்சல் குளத்துக்கு அறுபது வயதாகிவிட்டது, தரை வெடித்துத் தண்ணீர் ஒழுகுகிறது, பழுதுபார்ப்பதா மூடிவிடுவதா என்று கவுன்சில் மோவாயைச் சொறிய ஆரம்பித்த அன்றைக்கே, 'குளத்தைக் காப்போம்' என்று நெஞ்சில் அச்சடித்த பனியனை மாட்டிக்கொண்டு, அதையே அட்டையில் எழுதி நாற்பது வேலிகளில் கட்டி, தன் வண்டியின் பின்னால் ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவர் வண்டியிலும் ஒட்டிவிட்டார். ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. உரிக்க முடியவில்லை.

அவர் கடைசியாக அந்தக் குளத்தில் இறங்கியது எப்போது? நல்ல கேள்வி. அதை இப்போதைக்குப் பையில் போட்டு வையுங்கள்.

ராய்ஸ் குளத்தை மூடக் கூடாது என்றார். சரி, பழுதுபார்க்கலாம் என்றது கவுன்சில். பழைய நீல ஓடுகளைப் பெயர்ப்பார்களாமே, அதுவும் கூடாது என்றார். பாதியாகக் குறுக்கி இருபத்தைந்து மீட்டர் ஆக்கினால்? அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது. "அம்பது மீட்டர்னா அம்பது மீட்டர்தான்! இந்த ஊரு எப்பவாவது பாதியில நின்னிருக்கா?" அவர் சிறுவயதில் இருபதாவது மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்பது வேறு விஷயம்.

அதே ஊரில் நோலின் என்றொரு பெண்மணி. எழுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இரண்டு முழங்கால் மூட்டும் அறுவை செய்து மாற்றியவை. தரையில் தடி ஊன்றி, படிக்கு ஒரு கெட்ட வார்த்தை வீதம் இறங்குவார். தண்ணீருக்குள் போய்விட்டால் தடியும் வேண்டாம், திட்டும் வேண்டாம், அரைமணி நேரம் யாருக்கும் கடமைப்படாத பெண். அடுத்த குளம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வில்காரிக் குளம் மூடினால் அவருக்கு மிஞ்சுவது சாய்வு நாற்காலிதான். நோலினிடம் பனியன் இல்லை. அவர் குளித்துக்கொண்டிருந்ததால் யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

மாபெரும் 'குளம் காக்கும் நாள்' வந்தது. ஊரே திரண்டது. ராய்ஸ் இரும்புத் தட்டில் சாசேஜ் புரட்ட, வெங்காயம் வதங்க, ரொட்டியும் தக்காளிச் சாஸும் கைமாற, அறுநூறு பேர் தின்று, கைதட்டி, கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு சிறு பிசகு. மர நிழல் குளத்து வேலிக்கு வெளியே இருந்ததால் விழாவும் வேலிக்கு வெளியே நடந்துவிட்டது.

கவுன்சில் கூட்டத்தில் மேயர் கிளெனிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்: "அன்னைக்கு வாசலைத் தாண்டி உள்ள போனவங்க நாலு பேர். நோலின், மூணு பசங்க. ஒரு வாத்தும் வந்திருக்கு. அது டிக்கெட் வாங்கல."

ராய்ஸ் துள்ளி எழுந்தார். "எண்ணின விதமே தப்பு! ஆதரவை எண்ணணும், தலையை இல்ல!"

"ராய்ஸ், நீ கடைசியா எப்பப்பா தண்ணியில இறங்கின?"

"நான் இங்க குளத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன். என்னைப் பத்தி இல்ல."

"எண்பத்தெட்டுல," என்றது பின்வரிசையிலிருந்து நோலினின் குரல். "அதுவும் யாரோ தள்ளிவிட்டாங்க."

சிரிப்பு அடங்கியதும் நோலின் தடியை ஊன்றி எழுந்தார். "ஒரு கோடை குடு கிளெனிஸ். ஆளுங்க வர்றாங்களான்னு பாரு. வரலேன்னா நீயே பூட்டிக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்படியே முடிவானது. கோடை முடிவதற்குள் வாசலில் ஒன்பதாயிரம் தலைகள் எண்ணப்பட்டால் பழுதுபார்ப்பு. ஒன்று குறைந்தாலும் பூட்டு.

நோலின் சும்மா இருக்கவில்லை. முன்னாளில் தன் பேருந்தில் ஏறிய அத்தனை பேரையும், இப்போது அவர்கள் பெற்ற பிள்ளைகளையும், பழைய அதட்டலிலேயே தண்ணீருக்குள் விரட்டினார். ராய்ஸும் ஒருநாள் தவறாமல் வந்தார். வாசல் வரைக்கும். வாசல் காக்கும் டார்சியிடம் எண்ணிக்கை கேட்டு, அதைக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, ஊரைப் பாராட்டிவிட்டு வீடு திரும்பினார்.

கடைசி நாள். மூட ஐந்து நிமிடம். எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

"ஒருத்தர்தான் குறையுது," என்றார் டார்சி, ராய்ஸை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே.

குளத்துக்குள்ளிருந்து நோலின் கத்தினார். "நான் வேணா வெளிய போய்ட்டு மறுபடி வரவா?"

"ஒரு நாளைக்கு ஒரு தலை ஒரு தடவைதான் நோலின். கவுன்சில் உத்தரவு."

"அப்ப வாசல்ல நிக்கிற அந்த நெட்டைக் கொக்கை உள்ள தள்ளு!"

ராய்ஸ் வாசல் கம்பியைப் பிடித்தார். குளத்தைப் பார்த்தார். பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டார்சி, நான் ஆதரவாளர்ப்பா. குளிக்கிறவன் வேற, ஆதரிக்கிறவன் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

ஆனாலும் ராய்ஸ் கல்நெஞ்சர் அல்லர். நோலினின் முகத்தைப் பார்த்தார். அது தண்ணீருக்கு மேலே அசையாமல் நின்றது. ஓட்டம் பிடித்தார். தெருவை நோக்கி; உள்ளே அனுப்ப ஓர் ஆளைத் தேடி.

தெருவில் அவர் கையில் அகப்பட்டவர் நீங்கள்தான். மறுக்காதீர்கள். குளத்தைக் காக்கும் மனுவில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டால், முதல் பக்கத்திலேயே என்று நிமிர்ந்து நிற்பீர்கள். வாருங்கள், இப்போதே இறங்குங்கள் என்றால், இன்றைக்கு லேசாக மூக்கடைப்பு என்று இழுப்பீர்கள். உங்கள் ஊர் நூலகத்துக்காகவும் இப்படித்தான் முழங்கினீர்கள். அதன் கதவைத் தள்ளித் திறக்க வேண்டுமா, இழுத்துத் திறக்க வேண்டுமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. நோலின் காத்திருக்கிறார். துண்டுக்குக் கவலை வேண்டாம். ராய்ஸ் தன்னுடையதைத் தருவார். எண்பத்தெட்டில் வாங்கியது, இன்னும் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.