சத்தியதாஸின் ட்ராம்போனுக்கு எண்ணெய்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். இதில் கடுகளவு பொய் இருந்தாலும், சொல்கிறவனின் கஞ்சியில் இனி உப்பு கரையாமல் போகட்டும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு வருஷம். கர்க்கடகம் என்கிற ஆடி மாசக் கடைசி. மழை ஓயாத ஒரு சாயங்காலம், பாண்டு ஒத்திகையின் நடுவே சத்தியதாஸின் ட்ராம்போன் பாதி இழுப்பில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் ஓட வேண்டிய நீளக் குழாய் போகவும் இல்லை, வரவும் இல்லை.

பாண்டு மாஸ்டர் நேசமணி கையிலிருந்த கம்பைத் தாழ்த்தினார்.

"என்ன ஓய் சத்தியதாசே, எல்லாத்துக்கும் ஒரே சுரம் ஊதுறீரு?"

"குழாய் நகர மாட்டேங்குது மாஸ்டர்."

"ஞாயித்துக்கிழம கர்க்கடகம் கழிஞ்சு மொத முகூர்த்தம், பகவதிப்பெருமாள் பிள்ளை வீட்டுக் கல்யாண ஊர்வலம். அதுக்குள்ள நகரணும். இல்லேன்னா நீரு கடைசி வரிசையில ஜால்ரா."

ட்ராம்போன்காரர் முன்வரிசையில்தான் நடப்பார். பின்னால் விட்டால் குழாய் நீளும்போது முன்னால் போகிறவரின் பிடரியில் இடிக்கும். அந்த முன்வரிசையைக் காட்டித்தான் சத்தியதாஸ் தாசம்மாளைக் கட்டினார். இப்போது ஊர்வலம் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து அவள் அண்ணன்மார் வருகிறார்கள். ஜால்ராவோடு அவரைப் பார்த்தால் ஆயுசுக்கும் விடமாட்டார்கள்.

"எண்ண காணாம கெடக்குது, வேற என்ன? தேங்காயெண்ண போடுங்க" என்றாள் தாசம்மாள்.

போட்டார். குழாய் ஓடியது. ஆனால் மறுநாள் ஒத்திகையில் சுரத்துக்கு முன்னால் எறும்புகள் வெளியே வந்தன. வரிசை குலையாமல், தாளத்துக்குக் கால் மாற்றி வந்தன. மாஸ்டரின் வழுக்கையில் இறங்கி அங்கேயும் அணிவகுத்தன.

"சின்னப் பாண்டா இருந்தாலும் ஒழுங்கு இருக்கு" என்றார் மாஸ்டர், தலையைத் தடவியபடி. "உமக்குத்தான் இல்ல."

எறும்பு தின்று மிச்சம் வைத்த பிசுக்கில் குழாய் மறுபடி இறுகியது.

தையல்கார ராஜையன் மிஷின் எண்ணெய் கொடுத்தார். "இது போட்டா நினைச்சாலே ஓடும் அண்ணாச்சி."

அதுவும் உண்மைதான். சாலைக் கடைத்தெருவில் நின்று சோதித்துப் பார்த்தபோது, குழாய் கையை விட்டுப் புறப்பட்டு எதிரே வந்த மீன்காரியின் கூடையில் குத்தி நின்றது. அவள் அதை உருவி, மேலும் கீழும் பார்த்தாள்.

"இது நம்ம கடல்ல உள்ளதில்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

உப்பும் செதிலும் உள்ளே போய், குழாய் இப்போது கல்லாகிவிட்டது.

கடைசியில் சத்தியதாஸ் அதை ஒரு போர்வையில் சுற்றி நெல்லையப்ப வைத்தியரிடம் தூக்கிப் போனார். கர்க்கடகத்தில் ஊர் முழுக்க எண்ணெய்ச் சிகிச்சைக்குப் படுத்திருக்கும். வைத்தியர் ட்ராம்போனையும் பாயில் படுக்க வைத்தார். வளைவில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார்.

"வாதம். மூட்டு பிடிச்சிருக்கு."

"வைத்தியரே, இது பித்தளை."

"பித்தளைக்கு மழைக்காலம் கெடையாதா? தூக்கம் வராதவங்க தலைக்கு வைக்கிற தைலம் ஒண்ணு இருக்கு. வாதத்துக்கும் கேக்கும். தடவித் துணி சுத்தி, சூடு ஆறாமப் பக்கத்துலயே படுக்க வையும். புளியும் மோரும் ஆகாது."

"இது எங்க வைத்தியரே மோர் குடிக்கும்?"

"அதுக்கில்ல. உமக்கு."

அன்றிலிருந்து கட்டிலில் ட்ராம்போன் படுத்தது. தாசம்மாள் தரையில் பாய் விரித்துக்கொண்டாள். "ஒரு நாள் எனக்கு இடுப்புப் பிடிச்சப்போ இப்படித் தடவி விட்டதுண்டா?" என்று கேட்டாள். பதில் குறட்டையாக வந்தது.

குழாய் குணமாகிவிட்டது. ஆனால் தைல வாசனையில் சத்தியதாஸுக்கு முழிப்புத்தான் வரவில்லை. கண் திறந்திருக்கும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஞாயிறு மாலை கரமனைத் தெருவில் ஊர்வலம் புறப்பட்டபோது, தாம் நடக்கிறோமா மிதக்கிறோமா என்று அவருக்கு நிச்சயமில்லை. தண்ணீருக்குள் அசையும் கைபோலக் குழாய் நீண்டது, தயங்கியது, திரும்பியது. காஸ்லைட்டுகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றும் ஒரு நிலாவாயின. ஓட்டு வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு எழுந்து, ஓசைப்படாமல் அவரோடு கூடவே வந்தன. அவர் இழுத்த சுரங்கள் பொன்முடி மலைப் பனிமஞ்சைப்போலத் தெருவில் இறங்கின. காரிலிருந்த மாப்பிள்ளை கண்ணை மூடினார். காருக்கு முன்னால் போன அலங்காரக் குதிரை நடந்தபடியே தூங்கியது. மழைகூட விழ வந்து, பாதி வழியில் நின்று கேட்டது. மைத்துனன்மார் மூவரும் ஒரே தூணில் சாய்ந்து வாய் பிளந்து நின்றார்கள்.

முடிந்ததும் நேசமணி மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சத்தியதாசே, இத்தன காலத்துல இன்னைக்குத்தான் நம்ம பாண்டு பாண்டு மாதிரிக் கேட்டுது. முன்வரிசை உமக்குத்தான், ஒருத்தனும் அசைக்க முடியாது. இதே மாதிரி ஊதும், போதும்."

சத்தியதாஸ் மிதந்தே வீடு வந்தார். வாசலிலேயே தாசம்மாள் நின்றிருந்தாள். அவள் உள்ளங்கையில், ட்ராம்போன் முனையில் செருகி உதடு பதித்து ஊதுகிற பித்தளைக் குமிழ், புளி போட்டுத் தேய்த்த பளபளப்பில் இருந்தது.

"காலையில கழுவ எடுத்தேன், நீங்க மறந்துட்டுப் போயிட்டீங்க. இது இல்லாம அதுல சுரம் ஏது, மூச்சு மட்டுந்தானே வரும்?"