முதலில் துளை, அப்புறம் உலை

அன்புள்ள அத்தைக்கு,

தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே அப்பா நலம். சித்தப்பாவும் நலம். இருவரும் தனித்தனியாக நலம்.

போனில் எனக்குக் குரலே வராது என்பதால் எழுதுகிறேன். பட்டறையில் எஃகுத் தகட்டில் துளை போடுவது அப்பா; அதைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி இறுக வைப்பது சித்தப்பா. பள்ளியை விட்டதிலிருந்து இருவருக்கும் கூடமாட ஒத்தாசை நான். போன மாதம் அப்பா யாரிடமோ சித்தப்பாவை "அடுப்பூதுறவன்" என்று சொல்லிவிட்டார். "துளை போடுறதுக்கு ஒரு மரங்கொத்தி போதும்" என்றார் சித்தப்பா. அன்றோடு பேச்சு நின்றது. பேச்சு இல்லாததால், துளை போட்டாயிற்றா என்று சித்தப்பா கேட்பதில்லை. மேசையில் தகட்டைக் கண்டால் உலையில் வைத்துவிடுகிறார். இன்னும் போடவில்லை என்று அப்பாவும் வாய் திறப்பதில்லை. கல்லாக இறுகிய தகட்டை வைத்துக்கொண்டு மெஷினை ஓட்டுகிறார். துளை போடும் பிட் கத்துகிறது, முனை நீலமாகிறது, தகட்டில் துளைக்குப் பதில் பளபளப்பு விழுகிறது. அழுத்திப் பார்த்தார், பிட் மழுங்கியது. வேகத்தைக் கூட்டினார், பிட் சூடாகாமல் இருக்க விட்ட எண்ணெய் புகைந்தது. பக்கத்துத் தச்சர் தீ என்று நினைத்து வாளியோடு ஓடிவந்து அப்பாவை நனைத்துவிட்டுப் போனார். அப்பா இன்னும் கடினமான, விலை கூடிய கார்பைடு பிட் வாங்கினார், அது சாக்பீஸ் மாதிரி ஒடிந்தது. இன்னொன்று வாங்கி, வேகத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல இறக்கினார். விழுந்தது. ஒரு துளைக்கு ஒரு பகல். சித்தப்பா சுவரைப் பார்த்து நின்று விசிலடித்தார்.

முதலில் துளை போட்டு, பிறகு இறுக வைத்தால் தீர்ந்தது. இதை இருவரிடமும் சேர்த்துச் சொல்ல மெஷின் நிற்கும்வரை காத்திருக்கிறேன். நின்றதும் இருவரும் ஆளுக்கொரு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். இருக்கிற ஒரே வாடிக்கைக்காரர், அடுத்த தகடுகளும் இப்படி இழுத்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். நீங்கள் ஒருமுறை வந்து அதட்டினால் போதும். இவர்கள் இருவரும் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
தம்பி மகள்

பின்குறிப்பு: உறையில் எழுத உங்கள் கதவு எண்ணை அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். அத்தையை வரச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு நேரே உலைப் பக்கம் போனார்.

"டேய், அக்கா வர்றாளாம்டா."

"எப்பண்ணே?"

"தெரியல. அந்தத் தகட்டைக் கீழ வை. இன்னும் துளை போடல."

அத்தை, நீங்கள் வர வேண்டாம். வரவில்லை என்று மட்டும் இவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.