துறைத்தலைவர் மிதிக்காத தளம்

எங்கள் நகராட்சியின் பொது நிர்வாகத் துறைத்தலைவர், மாண்புமிகு குராமோச்சி அவர்கள், இரண்டாம் தளத்தை மிதிக்கவில்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

பேஸ்பாலில் ஒரு ரன் எடுக்க, ஓடுபவர் மைதானத்தின் மூலைகளில் பதித்த ஒவ்வொரு தளத்தையும் வரிசையாக மிதித்துத்தான், பந்தடித்த இடத்துக்கே வந்துசேர வேண்டும். மிதிக்காமல் விட்டால், எதிரணி பந்தோடு அந்தத் தளத்துக்குப் போய் நடுவரிடம் முறையிட வேண்டும். முறையிடாதவரை மிதித்ததாகவே கொள்ளப்படும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைசிச் சுற்று. ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இன்னொருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. குமாஸ்தா நிஷியோ அடித்த பந்து வேலியோரம் போய் விழுந்தது. மூன்றாம் தளத்தில் நின்ற நான் வந்து சேர்ந்தேன். முதல் தளத்தில் நின்ற தலைவர், இரண்டாவதைத் தொடாமல் குறுக்கே புகுந்து, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வெற்றி.

எதிரணியினர் ஒப்பந்தக்காரர் தாட்சுனோவின் ஆட்கள். ஒருவன் பந்தோடு இரண்டாம் தளத்துக்கு ஓடினான். முறையிட்டால் தலைவர் அவுட். கடைசி அவுட் அப்படி விழுந்தால் அந்த அடியில் வந்த எந்த ரன்னும் சேராது என்பதால், என் ரன்னும் கூடவே அழியும். தாட்சுனோ போய் அவன் தோளில் கை வைத்தார்.

"திங்கக்கிழமை பாலத்து டெண்டர் திறக்கறாங்க. பந்தைக் கீழ போடுப்பா."

நடுவரும் பார்த்திருந்தார். கேட்டால்தான் சொல்வேன், கேட்காதவரை தலைவர் மிதித்தவரே என்றார். நானும் அதையே விரும்பினேன்.

மறுநாள் தலைவர் நிஷியோவை அழைத்தார்.

"இரண்டாம் தளத்துல ஒரே ஒரு காலடிதான் இருந்துச்சாம். அது உன்னுதாம்."

"ஆமா சார். மிதிச்சேன்."

"ஏன்?"

"விதி சார்."

"உனக்கு முன்னால போனவரு எப்படிப் போனாருன்னு பாக்க வேணாமா?"

அந்த ஆண்டு முழுக்க நிஷியோவுக்குக் கழிவுநீர்ப் புகார்களே வந்தன. அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

அடுத்த ஆண்டு மாகாண அலுவலகத்து அணி வந்தது. அவர்களுக்கு எங்களால் ஆக வேண்டியது எதுவுமில்லை. மறுபடியும் கடைசிச் சுற்று, மறுபடியும் ஒரு ரன் குறைவு, ஒரு அவுட் பாக்கி. இரண்டாம் தளத்தில் தலைவர், முதல் தளத்தில் நிஷியோ. நான் அடித்தேன். தலைவர் ஒழுங்காகவே ஓடிவந்தார். பின்னால் வந்த நிஷியோ இரண்டாம் தளத்தை விட்டு மரியாதையோடு விலகி, உள்பக்கமாக ஓடினான். மாகாண அணியினர் முறையிட்டார்கள். நிஷியோ அவுட். தலைவர் நியாயமாக எடுத்த ரன்னும் சேர்ந்து அழிந்தது. தோற்றோம்.

மாலை விருந்தில் தலைவர் தாமே எழுந்து வந்து நிஷியோவின் கோப்பையில் பீர் ஊற்றினார்.

"தோத்தா என்ன? இனிமே உன்னை நம்பலாம்."

ஏப்ரலில் அவன் பிரிவுத் தலைவரானான். போன ஞாயிறு பயிற்சிக்குப் போனேன். இரண்டாம் தளத்தை நெருங்கும்போது நிஷியோ பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

பார்த்தார். நான் மிதிக்கவில்லை.