கல்லுக்கு வாய் கொடுப்பவர்

நகரப் பூங்கா என்றால் அதில் சிலைகள் இருக்கும், விதவிதமான மரங்கள் இருக்கும், இவற்றுக்கு நடுவே உலாவுகிற ஓர் இனமும் இருக்கும். இந்த மூன்றாவது இனத்தைப் பற்றி நுழைவாயிலில் எந்தப் பலகையும் எச்சரிப்பதில்லை. நடைப்பயிற்சிக்காரரைச் சொல்லவில்லை, அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விடுவார். காதலர்களையும் சொல்லவில்லை, அவர்கள் பாவம், யார் வம்புக்கும் போகாதவர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சிலைக்கு முன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்று, பக்கத்தில் ஓர் அப்பாவி வந்து நிற்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது என்னன்னு நினைக்கிறீங்க?" என்று ஆரம்பிக்கிறாரே, அவரைச் சொல்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது அவருக்குத் தேவையே இல்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர் இன்னும் பிறக்கவில்லை.

கல் பேசாது. அதற்கும் சேர்த்து இவர் பேசுவார். அதனால்தான் இவருக்குக் 'கல்லுக்கு வாய் கொடுப்பவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இவருடைய நடை, உடை, செருமல் எல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்கிறீர்களா? தெரியாமல் என்ன, அந்த மகானுபாவன் நானேதான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு வருகிறவர் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகு அவருக்கு எதிரே என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நான் சொல்வதுதான் உலகம். இப்படிப் பகல் முழுவதும் மங்கலாய்ப் பார்ப்பவர்களிடம் பேசிப் பழகிவிட்டு, சாயங்காலம் பூங்காவுக்குள் நுழைந்தால் எல்லாரும் கண்ணாடியைக் கழற்றி வைத்தவர்களாகவே தெரிகிறார்கள். என்ன செய்ய?

சிலையை விளக்குவது பெரிய வித்தை என்று நீங்கள் மலைக்க வேண்டாம். இரண்டு பொருள் ஒட்டியிருந்தால், தாயும் சேயும். ஒன்று மட்டும் தனியாக நின்றால், தனிமை. மூன்றுக்கு மேல் போனால் சமுதாயம். நடுவில் ஓட்டை இருந்தால் மனித மனத்தின் வெறுமை. துருப்பிடித்த இரும்பாக இருந்தால் எதுவும் சொல்லாமல் ஒரு பெருமூச்சு விட்டு, "காலம்!" என்றால் போதும், கேட்பவர் மேலே கேட்க மாட்டார். மரத்துக்கு இன்னும் சுலபம். அடிமரத்தை டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், "இது பூக்கிற காலத்துல நீங்க வந்து பாக்கணும்!" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும்.

இந்தத் தொண்டுக்கு எனக்குக் கிடைத்த மரியாதை என்ன? என் மைத்துனர் இப்போதெல்லாம் ஊருக்கு வந்தால் லாட்ஜில் தங்குகிறார். மனைவியின் அலுவலகத் தோழி ஒருத்தி, கல்யாணமான புதிதில் கணவனோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பூங்காவைச் சுற்றிக்காட்டிய பிறகு மறுபடி வரவே இல்லை. "சும்மா பூங்கா வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று நான் வாயெடுத்தால் போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் முழங்கால் வலி வந்துவிடும். எனக்குப் பிறகு இந்தச் சிலைகளின் கதி என்ன என்று நான் கவலைப்பட்ட நாட்கள் உண்டு.

இப்படி இருக்கையில், என் மகளுக்கு அவளோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பிடித்துவிட்டது. பையனுக்கும் அப்படியே. பெரியவர்கள் ஒருமுறை சந்தித்துப் பேச வேண்டும். வீட்டில் என்றால் ஆளுக்கொரு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும், பொதுவான இடமாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் இருவரும் சேர்ந்து பூங்காவையே முடிவு செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பூங்கா! என் சிலைகள்! அன்று காலை புதுச் சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"இன்னிக்கு சிலையைப் பத்தி மட்டும் பேசாதீங்கப்பா."

"சரி, மரங்களைப் பத்திச் சொல்றேன்."

"மரத்தைப் பத்தியும் வேண்டாம்."

"அப்ப நான் எதுக்கு வரணும்? என் சட்டையை மட்டும் அனுப்பறேன், கூட்டிட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "அவங்க அப்பா ரொம்பக் கண்டிப்பானவராம்பா. அவருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னா இது நடக்காதுன்னு அவரே சொல்லிட்டாரு. சிரிச்ச முகமா கூட வந்தீங்கன்னா போதும். எனக்காக."

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பெண்ணே என்னை ஒளித்து வைக்கப் பார்க்கிறாளே என்று கோபம்கூட வந்தது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எந்த அப்பனால் மறுக்க முடியும்? வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் பூங்கா வாசலில் அவர்கள் காத்திருந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. அப்பா பல் டாக்டர். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, தீர்க்கமான பார்வை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வாசல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, அவர் தொண்டையைச் செருமினார்.

"சார், இது என்ன மரம்னு நினைக்கிறீங்க?"

அது தூங்குமூஞ்சி மரம். அந்தி சாய்ந்தால் இலை மடிக்கிற அந்த மரத்தை எனக்கு என் கைரேகையைப்போலத் தெரியும். மகள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்த முகமாக நின்றேன்.

"வாகை!" என்றார் டாக்டர், அடிமரத்தை இரண்டு தட்டு தட்டி.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கடித்தேன். அதன் பிறகு நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? வாயைத் திறந்து வைத்திருப்பதால் பதில் சொல்ல முடியாத மனிதர்களிடமே வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகியவர் அவர். அவருக்குப் பக்கத்தில் நடக்கிற நானோ அன்று பேசக் கூடாதவன். அவர் காட்டில் மழை. மயில்கொன்றையைச் சரக்கொன்றை என்றார். நடுவில் ஓட்டையுள்ள இரும்பு வட்டத்தின் முன் நின்று, "இதைப் பாத்தா என்ன தோணுது? சொத்தை! ஆரம்பத்துலயே கவனிக்காம விட்டா இப்படித்தான்," என்றார். என்னுடைய மனித மனத்தின் வெறுமையை இப்படி அடைக்கப் பார்க்கிறாரே மனிதர் என்று பொருமிக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் பூங்காவின் நடுவே இருக்கும் வெள்ளைக் கல்லுக்கு வந்து சேர்ந்தோம். மேலே இரண்டு மொட்டையான திமில்கள், கீழே இரண்டு கால்போல் பிரிந்து மண்ணுக்குள் இறங்கும். அது தாயும் சேயும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மகள் குழந்தையாக இருந்தபோது அவளை அதன் முன்னால் தூக்கி நிறுத்திச் சொல்லியிருக்கிறேன்.

"கடைவாய்ப் பல்லு," என்றார் டாக்டர். "சந்தேகமே வேண்டாம். வேர் பாருங்க, ரெண்டும் எவ்வளவு சுத்தமா பிரிஞ்சு போகுது!"

நான் பேசவில்லை. என் முகம்தான் பேசிவிட்டது போலிருக்கிறது. சிரிப்பு எப்போதோ கழன்று விழுந்திருக்க வேண்டும். பையனின் அம்மா என் மனைவியின் காதருகே குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாக, "உங்க வீட்டுக்காரருக்கு இதுல இஷ்டம் இல்லையோ? வந்ததுலேருந்து வாயே திறக்கலையே," என்றார்.

டாக்டரும் திரும்பினார். "நானும் கவனிச்சேன் சார். மனசுல எதுவும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பிடிக்காத இடத்துல என் பிள்ளைக்குச் சம்பந்தம் வேண்டாம்."

பையனின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் வாயை மூட வேண்டும் என்று ஏங்கிய என் மனைவி, வாயைத் திறக்கச் சொல்லி என் விலாவில் முழங்கையால் இடித்தாள். மகளைப் பார்த்தேன். "பேசுங்கப்பா," என்றாள், பாதிக் குரலில். "ஏதாவது பேசுங்க."

பேச எனக்கா தெரியாது? தாயும் சேயும் நாக்கு நுனியில் தயாராக நின்றார்கள். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பு ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. தான் சொன்னது எடுபடவில்லையோ என்ற பயம்தான் இருந்தது. அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. தாயையும் சேயையும் விழுங்கினேன்.

"அப்படியா டாக்டர்?" என்றேன். "இத்தனை நாள் இந்த வழியாப் போறேன், எனக்குத் தோணவே இல்லையே! வேர் இவ்வளவு ஆழமாவா போகும்?"

பூங்காவில் நின்று நான் பிறரிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. டாக்டரின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு, வேரில் ஆரம்பித்து எனாமல் வரைக்கும் விளக்கு ஏற்றும் நேரம் வரை விளக்கினார். நடுநடுவே நான் "அப்படியா?" என்றேன். வாசலுக்கு வந்தபோது, "சார்கிட்ட பேசிட்டிருந்ததுல நேரம் போனதே தெரியல. இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்," என்று தன் மனைவியிடம் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பேசியதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. மகள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த நிமிஷம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, சந்தோஷத்தில் மிதந்தேன். திரும்பி ஒருமுறை அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்தேன். பல்லாகத்தான் தெரிந்தது. இனி அது எனக்கும் பல்தான், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மகள் முன்னால் போய்விட்டாள். நானும் மனைவியும் மெதுவாக நடந்து வந்தோம்.

"ஏங்க, அந்த 'அப்படியா'வை எவ்வளவு அழகா சொன்னீங்க! முதல் தடவை மாதிரியே இல்ல," என்றாள்.

"தானா வந்துச்சு," என்றேன் பெருமையாக.

"கெட்டிக்காரர்தான். எனக்கு அது சரியா வர்றதுக்குக் கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு."

நடந்துகொண்டே இருந்தவன் நின்றுவிட்டேன். மைத்துனர் லாட்ஜுக்குப் போவதற்கு முன் கடைசியாகச் சொன்னது அதே வார்த்தை. அந்தப் புதுமணப் பெண் சொன்னதும் அதுதான். கடையில் லென்ஸைப் பற்றி நான் விளக்கும்போதெல்லாம் எதிரே இருப்பவர் சொல்வதும் அதுதான். அதே இழுவை, அதே ஏற்ற இறக்கம், நான் மூச்சு வாங்க நிறுத்துகிற அதே இடத்தில் வந்து விழுவதும்கூட. நான் என் பேச்சுக்குக் கிடைத்த வியப்பு என்றல்லவா இத்தனை காலம் அதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்!

நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். உங்கள் பெரியப்பா, உங்கள் மேலதிகாரி, மாடிவீட்டுக்காரர் என்று யார் யாரோ நினைவுக்கு வந்திருப்பார்கள். வரட்டும். இன்று சாப்பிடும்போது இந்தக் கதையை வீட்டில் யாருக்காவது சொல்லத்தான் போகிறீர்கள். இது எதைப் பற்றியது, உட்பொருள் என்ன என்று உங்கள் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லாமலும் இருக்கப் போவதில்லை. கேட்டு முடித்து எதிரே இருப்பவர் "அப்படியா?" என்பார். அப்போது தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். நான் பார்த்ததே இல்லை.