வேறு கை படாத தலை

குளியலறைக் கதவின் அடியிலிருந்து புகை வருவதைப் பார்த்ததும் ஹோரஸ் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஆர்லீத்தா! உள்ள என்னத்தடி கருக்குற?"

"ஒண்ணும் இல்ல. குளிக்கிறேன்."

"குளிச்சா புகை வருமா?"

"வெந்நீர்ல குளிக்கிறேன்!"

அதற்குள் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்துவிட்டது. ஹோரஸ் கதவைத் தள்ளித் திறந்தான்.

அவன் மனைவி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கத்து முடி தோள்வரைக்கும் நேராகத் தொங்கியது. வலப்பக்கத்து முடி, கடவுள் கொடுத்தபடியே, பேனா ஸ்பிரிங்குகளை அள்ளிக் குவித்ததுபோலக் காதுக்கு மேலே சுருண்டு நின்றது. கையில் முடியை நேராக்கும் புத்தம் புது ஸ்ட்ரெய்ட்னர். அதன் இரண்டு தகடுகளுக்கும் நடுவிலிருந்துதான் புகை.

"ஏண்டி, இதுக்குத்தானே மிஸ் யூலா இருக்காங்க?"

"அவங்க பேரை எடுக்காத ஹோரஸ்! சத்தியமா அழுதுருவேன்."

மிஸ் யூலாவின் பேரை எடுக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஆர்லீத்தாவுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற ஏற முடியெல்லாம் தலையணையோடு போய்விட்டது. அந்தச் சமயத்தில் மிஸ் யூலா வியாழக்கிழமைதோறும் தன் அழகு நிலையத்தைப் பூட்டிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்து, அந்த வெறும் மண்டையை மணிக்கணக்கில் நீவிவிடுவார்.

"முடியே இல்லாத தலைக்கு எதுக்கு மிஸ் யூலா எண்ணெய்?"

"வரப்போற முடிக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேணாமா, கண்ணு?"

ஆறு மாதம் கழித்து நெற்றியோரம் முதல் சுருள் தலைகாட்டியபோது மிஸ் யூலா போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ பிரசவம் என்று நினைத்து ஓடி வந்தார்.

உடம்பு தேறியதும் ஆர்லீத்தா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "என் உசுரை டாக்டர் காப்பாத்துனாரு. என்னை மனுஷியா காப்பாத்துனது மிஸ் யூலா. நான் சாகுற வரைக்கும் இந்தத் தலையில வேற கை படாது. கர்த்தர் சாட்சி!"

"ஆமென்!" என்றது சபை. ஆர்கன் வாசிக்கிறவர் வேறு ஒரு முழக்கு முழக்கிவிட்டார்.

எங்கள் மேக்கன் ஊரில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பாஸ்டர் போன வாரம் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் முழிப்பார்கள். ஆனால் யார், எந்த வருடம், என்ன சாட்சி சொன்னார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

அன்றிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை நாலு மணிக்கு, பள்ளிக்கூடத்துச் சமையல் வேலை முடிந்ததும், ஆர்லீத்தா ஆற்றைத் தாண்டிப் போய் மிஸ் யூலாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். மிஸ் யூலா முடியை அலசி, ஈரம் துளி இல்லாமல் உலர்த்தி, சிறு சிறு கற்றையாகப் பிரித்து, சீப்பு முன்னே போக ஸ்ட்ரெய்ட்னர் பின்னே வர ஒரே இழுப்பு இழுப்பார். முடி பட்டாக வந்து விழும்.

கடந்த ஒரு வருடமாகத்தான் சங்கடம். மிஸ் யூலாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஒருமுறை பிடரி முடியை அப்படியே சுருளாக விட்டுவிட்டார். ஆர்லீத்தா கொளுத்தும் வெயிலில் இரண்டு வாரம் கழுத்துவரை மூடிய சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள். போன தடவை காது நுனியில் சூடு வைத்துவிட்டார்.

"வலிக்குதா கண்ணு?"

"சேச்சே, கதகதன்னு சுகமா இருக்கு மிஸ் யூலா."

வேறு என்ன சொல்வாள்? செத்துப் பிழைத்த தலையைக் கையில் ஏந்திக் காப்பாற்றியவரிடம், 'உங்களுக்கு வயசாகிவிட்டது' என்று எந்த வாயால் சொல்வது?

நாளைக்குப் பெண்கள் ஞாயிறு. சபைப் பெண்கள் எல்லாரும் வெள்ளை உடையில் வருவார்கள். இந்த வருடம் வரவேற்புரை ஆர்லீத்தாவுடையது. மிஸ் யூலாவிடம் போனால் மிச்சமிருக்கிற காதும் போகும். வேறு அழகு நிலையத்துக்குப் போனால் சாட்சி பொய்யாகும். 'வேற கை படாதுன்னுதானே சொன்னேன்? என் கை எனக்கு வேற கையா?' என்று யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தாள். கர்த்தருக்கு இது ஒத்துப்போகும் என்றுதான் தோன்றியது. மிஸ் யூலாவுக்கு மட்டும் தெரியக்கூடாது.

வியாழக்கிழமை காலையில் போன் செய்தாள். "மிஸ் யூலா, எனக்கு சரியான ஜலதோஷம். இன்னிக்கு வர முடியாது போல."

 அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு. "சரி கண்ணு. நல்லா ரெஸ்ட் எடு. அவசரமே இல்ல."

அந்தப் பெருமூச்சு ஆர்லீத்தாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனாள். ஒரு சுவர் முழுக்க ஸ்ட்ரெய்ட்னர். அகலம், ஒல்லி, செராமிக், டைட்டானியம். நானூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சமைத்துப் போடுகிறவள் அந்தச் சுவருக்கு முன்னால் மலைத்து நின்றாள். கடைசியில், இருப்பதிலேயே அகலமான டைட்டானியத்தை எடுத்தாள். பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் அல்லவா?

"அது வேணாம்," என்றது ஒரு குரல் பின்னாலிருந்து.

ஆர்லீத்தா அதை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு திரும்பினாள். சிஸ்டர் லூவீனியா!

லூவீனியா எங்கள் சபைக்காரி, மிஸ் யூலாவின் நெடுநாள் சிநேகிதி. வியாழக்கிழமை எப்போது போனாலும் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் முடி உலர்த்தும் மிஷின் தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆர்லீத்தா கிளம்பும்போதும் அப்படியே இருப்பார்கள். முன்பெல்லாம் அந்த மிஷின் போடுகிற இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். இப்போது ஊசி விழுந்தால் கேட்கும். புது மாடல் வாங்கியிருப்பார் என்று ஆர்லீத்தா நினைத்துக்கொள்வாள்.

"அகலத் தகடு வேர்கிட்ட போகாது. ஒரு இஞ்ச் போதும்," என்றாள் லூவீனியா. "செராமிக் எடு. சூடு ஒரே சீரா பரவும். டைட்டானியம் கை தேர்ந்தவங்களுக்கு. நீ தொட்டா முடிய வறுத்துரும்."

"எனக்கில்ல சிஸ்டர். என் தங்கச்சி பொண்ணுக்கு."

"உன் தங்கச்சிக்கு ரெண்டும் பையனாச்சே?"

 ஆர்லீத்தா லூவீனியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ் யூலாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

லூவீனியாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் ஏன் சொல்றேன்? நீயே பண்ணிப் பழகு. அருமையா வரும். நான் ஜெபம் பண்ணிக்கிறேன்!"

ஸ்ட்ரெய்ட்னருக்கு யாராவது ஜெபம் செய்வார்களா? இவள் நேராகப் போய் வத்தி வைக்கப்போகிறாள், அதுதான் இந்தப் பூரிப்பு என்று ஆர்லீத்தா முடிவு கட்டினாள். மிஸ் யூலாவின் ஆள் எனக்கு நல்ல யோசனை சொல்வாளா என்று, வேண்டுமென்றே அந்த அகல டைட்டானியத்தையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதுதான் இப்போது புகைந்துகொண்டிருந்தது.

முதலில் அவசரத்தில் முடியைச் சரியாக உலர்த்தவில்லை. தகடு பட்டதும் 'சொய்ங்' என்று தாளிக்கிற சத்தம். பயந்துபோய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். புகை வந்தது. புகை போகட்டும் என்று ஹோரஸ் நல்ல மனசோடு ஜன்னலைத் திறந்தான். வெளியே மழை விட்ட ஜூன் மாதப் புழுக்கம். அது உள்ளே வந்ததுதான் தாமதம், பாடுபட்டு நேராக்கிய இடப்பக்கம் புளித்த மாவு மாதிரி பொங்க ஆரம்பித்தது.

"ஜன்னலைச் சாத்து! காலையில இருந்து பட்ட பாடெல்லாம் போச்சு!"

ஆத்திரத்தில் சூட்டை முழுசாக ஏற்றி, நெற்றிக்கு மேலே இருந்த கற்றையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். ஸ்ட்ரெய்ட்னர் வந்தது. கற்றையும் கூடவே வந்தது.

இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆர்லீ," என்றான் ஹோரஸ் மெதுவாக, "அதைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

அவள் போய், நாளைக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைத் தொப்பியைக் கொண்டுவந்து மாட்டினாள். தொப்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

"நீ கொஞ்சம் சாய்ஞ்சு நில்லு. தொப்பி நேரா தெரியும்."

"ஹோரஸ், நீ வெளிய போ."

கடைசி முயற்சியாகக் குழாயடியில் தலையை நீட்டினாள். தண்ணீர் பட்டதும் சுருள்கள் எல்லாம் குடுகுடுவென்று திரும்பி வந்தன. ஆனால் சூட்டில் செத்துப்போன நாலைந்து கற்றைகள் மட்டும் திரும்பவே இல்லை. துடைப்பக் குச்சி மாதிரி ஆளுக்கொரு திசையில் நின்றன. நெற்றிக்கு மேலே கைவிரல் அகலத்துக்கு மொட்டை.

ஆர்லீத்தா குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். ஹோரஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"இதைச் சரி பண்ண ஊர்ல ஒருத்தங்கதான் இருக்காங்க. உனக்கே தெரியும்."

தெரியும்தான். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, மத்தியானத்திலேயே காரை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை.

கடை பூட்டியிருந்தது.

பெண்கள் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை! எந்த அழகு நிலையத்திலும் நிற்க இடம் இருக்காது. இங்கே திரைச்சீலை இழுத்துவிட்டிருக்கிறது. 'அந்த லூவீனியா சொல்லிட்டா. மிஸ் யூலா மனசு ஒடிஞ்சு படுத்துட்டாங்க. நான் பாவி!' என்று பதறிக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு ஓடினாள்.

பின்வாசல் தாழ்வாரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மேஜையைச் சுற்றி மிஸ் யூலா, லூவீனியா, அந்த மிஷின் தொப்பிப் பெண்கள் இரண்டு பேர். கையில் சீட்டு. நடுவில் பொரித்த மீன். மிஸ் யூலாவின் மூக்கின்மேல் சோடாப் புட்டிக் கண்ணாடி. ஆர்லீத்தா அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அவளைக் கண்டதும் நாலு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல உறைந்துபோனார்கள். மிஸ் யூலா அவசர அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜலதோஷம்னியே கண்ணு?"

ஆர்லீத்தா ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. துண்டை அவிழ்த்தாள்.

"ஐயோ கர்த்தரே!" என்றாள் லூவீனியா. "செராமிக் எடுக்கச் சொன்னேனே!"

"பொய் சொன்னேன் மிஸ் யூலா," ஆர்லீத்தா தேம்பினாள். "உங்களுக்குக் கண்ணு தெரியல. என் காதுல சூடு வச்சிட்டீங்க. சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு, நானே பண்ணிக்கிட்டேன். வெறும் மண்டையா கெடந்தப்ப நீங்க ஒருத்தர்தான் இதைத் தலைன்னு மதிச்சுத் தொட்டீங்க. அந்தக் கைக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்."

 மிஸ் யூலா கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இங்க வந்து உக்காரு."

விரல்கள் தலைக்குள் நுழைந்தன. பன்னிரண்டு வருடப் பழக்கம், ஆர்லீத்தாவின் தோள் தானாகவே தளர்ந்தது.

"எவ்வளவு சூடு வச்ச?"

"நானூத்தம்பது டிகிரி."

"வான்கோழியே முந்நூத்தம்பதுல வெந்துருமே கண்ணு."

கத்தரி வந்தது. செத்த கற்றைகள் உதிர்ந்தன. கண்ணாடி போட்ட மிஸ் யூலாவின் கையில் ஒரு பிசகு இல்லை. சுருள்களை இரண்டிரண்டாக முறுக்கி, நெற்றிக்கு மேலிருந்த மொட்டையை மறைத்து, கிரீடம் போலச் சுற்றி முடித்தார். லூவீனியா கைக்கண்ணாடியை நீட்டினாள்.

ஆர்லீத்தா பார்த்தாள். இத்தனை வருடமாக நேராக்கி நேராக்கிப் பார்த்த தலை, இவ்வளவு லட்சணமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"உன் முடியே அழகுதான். நாளைக்கு இப்படியே போய் நில்லு," என்றார் மிஸ் யூலா. "இது உனக்கு நீயே முறுக்கிக்கலாம். ஸ்ட்ரெய்ட்னர் வேணாம், யாரும் வேணாம்."

ஆர்லீத்தா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல மிஸ் யூலா."

"கண்ணாடி போட்டா வயசானது தெரிஞ்சுரும்னு போடாம, உன் காதுல சூடு வச்சது நான். நன்றி நீ சொல்றியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்வேன்? சபைக்கு முன்னாடி சாட்சி சொன்னவளாச்சே. நானே வரலைன்னா, உங்க கடையோட கதி என்னாகும்?"

மிஸ் யூலா லூவீனியாவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

லூவீனியா கையிலிருந்த சீட்டை மேஜையில் போட்டாள்.

"யூலா, கடைய மூடி மூணு வருஷமாச்சுன்னு இப்பவாச்சும் இவகிட்ட சொல்லித் தொலை! இவ சாட்சி பொய்யாகிரக் கூடாதுன்னு, வியாழக்கிழமையானா பிளக்கே சொருகாத மிஷினுக்குள்ள தலைய விட்டு உக்காந்து உக்காந்து எங்க மூணு பேருக்கும் கழுத்து பிடிச்சுக்கிச்சு!"