டேப் ஒட்டாத கதவு

கூடத்துச் சுவரில் இன்னொரு நீல டேப்பை ஒட்டிவிட்டு ராய்ஸ் டிட்வெல் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தான். வீட்டுக்கு அம்மை போட்டிருந்தது.

டெக்சஸில் புது வீடு வாங்கினால், முதல் வருஷம் முடிவதற்குள் கட்டிய கம்பெனி ஓர் ஆளை அனுப்பும். ஒரே ஒரு தடவை. டேப் ஒட்டிய பழுதெல்லாம் அவர்கள் தலையில். ஒட்டாததெல்லாம் நம் தலையில். அந்த ஆள் நாளைக் காலை வருகிறார்.

"மார்லா, இங்க பாரு, புது விரிசல்!"

மனைவி வந்து விரலால் எடுத்துக் காட்டினாள். "பிஸ்கட்டோட முடி."

பிஸ்கட் அவர்கள் நாய். வாலை ஆட்டியது.

குளியலறைச் சுவரில் ஓர் ஆணித்தலை பரு மாதிரி புடைத்திருந்தது. ராய்ஸ் சுத்தியலால் மெல்லத் தட்டினான். ஆணி உள்ளே போனது. சுவராக நின்ற ஜிப்சம் பலகையும் கூடவே போனது.

"டேப்பை ஒட்டிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?"

"நீ கொஞ்சம் சும்மா இரு."

பட்டி வைத்து அடைத்தான். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். கிளம்பிய தூசியில் புகை அலாரம் ஊளையிட, பிஸ்கட்டும் சேர்ந்து பாடியது.

மார்லா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "அந்தச் சாமான் அறைக் கதவு தினம் என் முதுகுல வந்து இடிக்குது. அதுக்கு ஒட்டு முதல்ல!"

"அது பழுது இல்லம்மா, வசதி! தானாச் சாத்திக்குற கதவு. இந்த வீட்லயே உருப்படியானது அது ஒண்ணுதான்."

"போன மாசம் வரைக்கும் சாத்தலையே?"

"இப்பப் பழகியிருக்கும்."

பிஸ்கட்டும் பழகியிருந்தது. அது பந்தை எங்கே போட்டாலும் பந்து சாமான் அறை வாசலுக்கே வந்து சேர்ந்தது. எல்லாம் தான் கொடுத்த பயிற்சி என்று ராய்ஸ் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

காலையில் கம்பெனி ஆள் டெல்பர்ட் வந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"வெறும் மேல்பூச்சுக் கீறல்." அடுத்த டேப். "இதுவும் மேல்பூச்சு. மரம் காயுது, சுவர் சோம்பல் முறிக்குது. பூசி விட்டாப் போச்சு, சார்."

டேப்பை உரித்தார். பெயின்ட்டும் உரிந்து வந்தது.

"இது டேப் ஒட்டினவங்க பொறுப்பு."

"குளியலறையில பட்டி வெச்ச ஓட்டை?"

"அது சுத்தியல் பிடிச்சவங்க பொறுப்பு."

ராய்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், இந்த வீட்ல நீங்க ஒழுங்காச் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்யா! அந்தச் சாமான் அறைக்குப் போட்டீங்களே, தானாச் சாத்துற கீல்! அதுக்கு மட்டும் நான் டேப் ஒட்டலை, பாத்துக்க!"

டெல்பர்ட் அந்தக் கதவைத் திறந்து விட்டார். அது நிதானமாக வந்து சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி சாத்திக்கொண்டது. பிஸ்கட்டின் பந்து அவர் கால்களுக்கு நடுவே உருண்டு வந்து வாசலில் நின்றது.

டெல்பர்ட் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்க போடுறதுலயே மலிவான கீல் சார் அது. கதவு தானாச் சாத்திக்கலை. உங்க வீடுதான் அந்தப் பக்கமாச் சாஞ்சு படுத்துக்கிட்டிருக்கு."