ஃபெயில் பாய்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஐந்து ஊர் டாக்டர்களைப் பரீட்சையில் ஃபெயிலாக்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கிளினிக்கின் ஆம்புலன்ஸ் டிரைவர். சொந்த ஊர் கீழக்கரை. வயது முப்பதுகூட இருக்காது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் ஃபெயில் பாய்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அபுதாபிக்குத் தெற்கே, தார் ரோடு அலுத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில் எங்கள் கிளினிக். வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஒட்டகம் மேய்க்கும் பதூ குடும்பங்கள். வைத்தியம் பார்க்கிறவர்கள் எகிப்து, ஜெர்மனி, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், மதுரை. மதுரை நான்தான்.

வேலையில் சேர்ந்ததும் பெரிய ஹோட்டலில் எனக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். உள்ளூர் நோயாளிகளின் மனம் கோணாமல் நடந்துகொள்வது எப்படி என்று கோட் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டினார். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்டிபிகேட். அதற்குக் கண்ணாடி போட்டு என் அறையில் மாட்டினேன். மறுநாள் முதல் நோயாளி உட்கார்ந்ததுமே, "என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். கதவோரம் நின்ற பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நோயாளி போனதும் உள்ளே வந்தார்.

"என்ன சார் நீங்க? மழை பெஞ்சுதான்னு கேட்டீங்களா? ஒட்டகமெல்லாம் சுகமான்னு கேட்டீங்களா?"

"நான் என்ன மாட்டு டாக்டரா பாய்?"

"ஃபெயில் சார். ரெண்டு மணிக்கு வண்டிக்கு வாங்க."

ஆம்புலன்ஸ்தான் அவருடைய கல்லூரி. ஸ்ட்ரெச்சர் மேல் சம்மணம் போட்டு அவர் ஷேக் மாதிரி உட்கார்ந்துகொள்வார். நாங்கள் எதிரே பெஞ்சில். அரபி தன் தாய்மொழி என்ற தெம்போடு வந்த எகிப்து டாக்டர், "உங்கள் மனைவி சுகமா?" என்று கேட்டார். "பொம்பளைய எதுக்கு தனியா கேக்குறீங்க? வீட்டுல எல்லாரும் சுகமான்னு கேளுங்க. ஃபெயில்!" தலை நரைத்த ஜெர்மன் எலும்பு டாக்டர் கால்மேல் கால் போட்டுச் செருப்பின் அடியைப் பாய் முகத்துக்கு நேரே காட்டினார். அவரும் ஃபெயில். நான் கஹ்வா என்கிற அரபிக் காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையை ஆட்டாமல் நீட்டிக்கொண்டே இருந்தேன். ஆட்டினால்தான் போதும் என்று அர்த்தமாம். ஒன்பதாவது கோப்பைக்குப் பிறகுதான் பாய் இரக்கப்பட்டுச் சொன்னார்.

பத்தொன்பது வயதில் வந்து, ஒட்டகப் பட்டிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி, பதூக்களோடு ஒரே தட்டில் ஆறு வருஷம் சாப்பிட்டவர் அவர். எங்களை அடிக்க வந்த சொந்தக்காரக் கூட்டத்தையே நாலு வார்த்தை பேசி உட்கார வைப்பார். நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம்.

அப்புறம் ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். பின்னால் நாலு மகன்கள். சர்க்கரை நோய், வலது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. உடனே விரலை எடுக்காவிட்டால் கால் போகும், அதற்கும் மேலே உயிரே போகலாம். நான் மதுரையில் பன்னிரண்டு வருஷமாகச் செய்ததையே செய்தேன். நோயாளியை விட்டுவிட்டு, மூத்த மகன் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு விரலை எடுக்கணும், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

பெரியவர் எழுந்தார். கைத்தடியை ஊன்றி நொண்டிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"அவரு கூடாரத்துல அவரக் கேக்காம ஒரு ஆடுகூட அறுக்க மாட்டாங்க சார்," என்றார் பாய். "அவரு விரலப் பத்தி அவரு மகன்கிட்ட பேசுறீங்களே!" அன்று அவர் ஃபெயில் என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் காத்தோம். வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாய் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு மணலில் ஒரு மணி நேரம் ஓட்டினார். பெரியவர் எங்களை மரியாதையாகவே உட்கார வைத்தார். காலைத் துணியால் மூடியிருந்தார், ஆனாலும் வாடை வந்தது. மூத்த மகன் கஹ்வா ஊற்றினார். நான் கோப்பையை வாயருகே கொண்டுபோனேன். பாய் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

"குடிக்காதீங்க சார். கீழ வைங்க."

"குடிக்காட்டி அவமானம்னு நீங்கதான பாய் சொன்னீங்க?"

"அதுக்குத்தான் வைங்கங்கிறேன்!"

வைத்தேன். கூடாரமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரியவர் முகம் மாறியது. அவர்கள் வழக்கத்தில், வீட்டுக்கு வந்த விருந்தாளி கோப்பையைத் தொடாமல் இருந்தால் ஏதோ கேட்டு வந்திருக்கிறான் என்று பொருள். கொடுக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு.

"கேள்," என்றார் பெரியவர்.

மகன்கள் பக்கம் பார்க்காமல், அவர் கண்ணைப் பார்த்து, எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். "உங்கள் விரலைக் கொடுங்கள்."

பெரியவர் என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த கஹ்வாவைப் பார்த்தார். பிறகு தாடி குலுங்கச் சிரித்தார்.

"நல்ல ஒட்டகமாகக் கேட்பாய் என்று பயந்துபோனேன். விரல்தானே? எடுத்துக்கொள். முதலில் குடி."

அன்றே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். கால் பிழைத்தது. அவரும் பிழைத்தார். திரும்பி வரும் வழியில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"பாய், இன்னைக்காவது பாஸா?"

"எங்க சார்? கோப்பைய ஆட்ட மறந்துட்டு அஞ்சு வாட்டி வாங்கிக் குடிச்சீங்களே. ஃபெயில்."

இப்போது மதுரையில் இருக்கிறேன். அந்தச் சர்டிபிகேட் எங்கே போனதென்று தெரியாது. ஆனால் வயதானவர் ஒருவர் எதிரே உட்கார, பின்னால் நிற்கும் மகனிடம் பேசலாமென்று என் கழுத்து திரும்பும்போதெல்லாம், தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுகிறது. நான் பெரியவர் பக்கமே திரும்பி, "மழை உண்டா அய்யா உங்க ஊர்ல?" என்று ஆரம்பிக்கிறேன்.